மூன்று கவடு மேற்கே

மாரி மழையின் முதல் துளி விழுந்ததும் அன்புவழிபுரத்தில் எல்லோரும் கொடியில் காயும் உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். அஞ்சலினா மட்டும் குசினியில் இருக்கிற பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். மாமரத்தின் கீழே அதைப் போட்டு, கையில் பால் விட்ட தேத்தண்ணீருடன் இருந்துவிடுவாள். இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் கோப்பைக்குள் விழும். அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"உந்த மனுசிக்கு வெளிநாட்டுக் குளிரிலை மூளை விறைச்சுப் போச்சு," என்று பக்கத்து வீட்டு ஞானமலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்வாள். அஞ்சலினாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வாள். ஞானமலர் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழகாதவள்.

சொல்லட்டும். ஒன்பது வருஷம் அயர்லாந்தில் இருந்துவிட்டு வந்தவள் மழையில் இருக்காமல் வேறு எதில் இருப்பாள்? வெளிநாடு போய் வந்த மற்றவர்கள் கார், மாடி வீடு, சாமான் விலை என்று கதைப்பார்கள். கேட்கிறவர்களுக்கும் வாயூறும். அஞ்சலினாவைக் கேட்டால் ஒரு வயலையும், அந்த வயலின் நடுவே நிற்கிற ஒரு கல்லையும் பற்றிச் சொல்லத் தொடங்குவாள். கல்லா? கோணேசர் கோயில் இருக்கிற மலை முழுக்கக் கல்லுத்தானே, அதைப் பார்க்க அங்கே போகவேண்டுமா என்று கேட்டுவிட்டு அவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அந்தக் கல்லின் கதையை முழுதாகக் கேட்க இந்த ஊரில் ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை. அவளும் முழுதாகச் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கல் ஒன்றரை ஆள் உயரம். சாம்பல் நிறம், மேலே வெள்ளையும் மஞ்சளுமாகப் பாசி. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி யாரோ நட்டது என்று அங்கே சொன்னார்கள். ஏன் நட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம். சூரியனைப் பார்க்க என்பார் ஒருவர், எல்லை காட்ட என்பார் இன்னொருவர், பெரிய மனிதன் யாரையோ கீழே மண்ணுக்குள் தாட்டிருக்கிறார்கள் என்பார் மூன்றாமவர். ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்த நாட்டு வயல்களில் இப்படி எத்தனையோ கற்கள் தனியே நிற்கின்றன. உழுகிறவர்கள் சுற்றி உழுதுவிட்டுப் போவார்களே தவிர ஒன்றையும் பிடுங்கமாட்டார்கள். பிடுங்கினால் குடும்பத்துக்குக் கூடாதாம். மாடுகளுக்கு அந்தப் பயம் கிடையாது. அவை முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கல்லின் இடுப்பு மினுங்கும். அது சற்றே சரிந்து நிற்கும், கலியாண வீட்டில் ஒருவரும் கூப்பிட்டுக் கதைக்காத மூத்த மச்சான் ஓரமாக நிற்பதுபோல.

வயலும் கல்லும் நோரா என்ற கிழவியுடையவை. கன்னியாஸ்திரிகள் சிலர் ஏற்பாடு செய்து அஞ்சலினா 2012இல் அந்த நாட்டுக்குப் போனாள், நோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. நோராவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயசு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் டெக்லன் அடுத்த காணியில் இருந்துகொண்டு இரண்டு காணியின் மாடுகளையும் பார்த்தான். அறுபது வயசு ஆளை "பார்த்தான்" என்று சொல்வது மரியாதை இல்லைத்தான். ஆனால் நோரா அவனை அப்படித்தான் நடத்தினாள், கதையும் அவள் வழியாகத்தான் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். நோரா பேசியது இங்கிலீசு, அதுவும் வாய்க்குள் வெந்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற இங்கிலீசு. முதல் ஆறு மாதம் அஞ்சலினாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு அது அவளுடைய காதுக்குள் தமிழாகவே விழத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் நோரா அவளுக்குள்ளே மூதூர்ப் பக்கத்து மனுசி மாதிரித்தான் கதைக்கிறாள். ஆகவே இங்கேயும் அப்படியே.

"பிள்ளை, இண்டைக்கு மெத்தெண்ட நாள். வா, கல்லடிக்குப் போவம்," என்பாள் நோரா. மெத்தென்ற நாள் என்றால் தூறல் நாள். அங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் மெத்தென்ற நாள்தான்.

போன புதன்கிழமையும் அப்படி ஒரு நாளாகத்தான் இருந்தது. பின்னேரம் நாலு மணி. அஞ்சலினா மாமரத்தின் கீழே இருந்தாள். புருஷன் ஹெக்டர் அன்றைக்கு ஹயர் இல்லை என்று ஆட்டோவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தான். மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் டெக்லனின் பெயர்.

நோராவை அடக்கம் செய்த பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அனுப்புவதோடு சரி, டெக்லன் கூப்பிட்டதே இல்லை. அஞ்சலினா கோப்பையை மண்ணில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அஞ்சலினா, சுகமோ? அம்மாவின்ர வீட்டைத் துப்புரவாக்கிறன்," என்றார் அவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டதால் நாமும் "அவர்" என்போம். "அம்மாவின்ர செபப் புத்தகத்துக்குள்ளை ஒரு துண்டு கிடந்தது. உங்கட எழுத்து. படம் எடுத்து அனுப்பியிருக்கிறன், பாருங்கோ. போனைப் பிடிச்சால் மொழிபெயர்க்கும் எண்டாங்கள். பிடிச்சுப் பார்த்தன், அது எதையோ உளறுது. என்ன எழுதியிருக்கு?"

படம் வந்தது. நீலக்கோடு போட்ட தாள், நாலாக மடித்த அடையாளம். அவளுடைய கையெழுத்துத்தான்.

*தோமஸ். 1951 மாசி 9. கல்லிலிருந்து மேற்கே மூன்று கவடு.*

*அமலினி. 2006 ஆவணி. அவனுக்குப் பக்கத்தில்.*

அஞ்சலினா படத்தை விரலால் பெரிதாக்கித் திரும்ப வாசித்தாள்.

"செபம்," என்றாள். "எங்கட ஊர்ச் செபம். உங்கட அம்மா எழுதித் தரச் சொன்னவ."

"அப்படியோ!" டெக்லனின் குரல் இளகிவிட்டது. "நல்லது. அப்ப அதை அம்மாவின்ர படத்துக்குப் பக்கத்திலை சட்டம் போட்டு மாட்டுறன்."

பாவம், இரண்டு செத்த பிள்ளைகளின் பெயரை வரவேற்பறையில் மாட்டப் போகிறார். அஞ்சலினாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, மாடுகள் எப்படி, வயல் எப்படி என்று சும்மா விசாரித்தாள்.

"வயலுக்குத்தான் இப்ப வேலை. கல்லுக்குக் கிட்ட மாடுகளுக்குத் தண்ணித் தொட்டி ஒண்டு கட்டுறம். குழாய் புதைக்க நாளண்டைக்கு, வெள்ளிக்கிழமை மண் வெட்டுற பெக்கோ வருது. பயப்பிடாதைங்கோ, கல்லைத் தொடமாட்டம். தொட்டால் அரசாங்கம் என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டிடும். மேற்குப் பக்கத்தாலை வெட்டிக்கொண்டு போறம்."

மேற்குப் பக்கத்தால்.

அவர் போனை வைத்த பிறகும் அஞ்சலினா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மழை விட்டுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஞானமலர் உடுப்புகளைத் திரும்பக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் துண்டுக்குள் இருக்கிற கதை இதுதான். நோரா கல்யாணம் செய்த அடுத்த வருஷம் முதற்பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. மூச்சு இல்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை அடக்கம் செய்யக் கோயில் சேமக்காலையில் இடமில்லை என்று அந்தக் காலத்துச் சாமிமார் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மோட்சத்திலும் இல்லை நரகத்திலும் இல்லை, நடுவிலே எங்கேயோ நிற்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது அப்படியொன்று இல்லை என்கிறார்கள். இல்லாத ஒன்றுக்காக எத்தனை தாய்மார் ஆயுசு முழுக்க அழுதார்கள் என்று அவர்களை யார் கேட்பது? ஆகவே தகப்பன்மார் அந்தப் பிள்ளைகளைப் பழைய கற்கள் நிற்கிற இடங்களில் கொண்டுபோய்த் தாட்டார்கள். அங்கே ஒருவரும் உழமாட்டார்கள் அல்லவா? நோராவின் புருஷனும் வெண்ணெய்ப் பெட்டி ஒன்றில் பிள்ளையை வைத்துக் கல்லின் மேற்குப் பக்கத்தில் தாட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, மாட்டில் பால் கறந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு வருஷம் கழித்து டெக்லன் பிறந்தான். தானே மூத்தபிள்ளை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தான்.

இதெல்லாம் அஞ்சலினாவுக்கு முதல் இரண்டு வருஷமும் தெரியாது. அவள் கண்டது, நடக்கவே கஷ்டப்படுகிற கிழவி நாள் தவறாமல் கல்லடிக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பதைத்தான். ஓடைக்கரையில் வெள்ளைக் கல் ஒன்றைப் பொறுக்கச் சொல்வாள். கல்லிலிருந்து மூன்று கவடு எண்ணி நடப்பாள், சின்னக் கவடு, வாத்து நடை. புல்லுக்குள்ளே வெள்ளைக் கற்கள் வட்டமாகக் கிடக்கிற இடத்தில் புதுக்கல்லை வைத்துவிட்டு வருவாள். கிழவிக்கு வயசு போய் அறளை பெயர்ந்துவிட்டது என்று அஞ்சலினா நினைத்தாள். ஞானமலர் இப்போது இவளைப் பற்றி நினைப்பது மாதிரி.

ஒருநாள் நோராவுக்குக் கல் பொறுக்கும்போது அஞ்சலினாவின் கை தன்னையறியாமல் இரண்டு கல் எடுத்துவிட்டது. நோரா தன்னுடையதை வைத்ததும், இவளும் குனிந்து மற்றதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு ஆர், பிள்ளை?"

"மகள்," என்றாள் அஞ்சலினா. "ஒன்பது நாள்."

"எனக்கு மகன். ஒரு நாளும் இல்லை," என்றாள் நோரா.

இரண்டு பேரும் அந்தத் தூறலில் கல்லில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். மாடு ஒன்று வந்து, தன்னுடைய இடத்தில் நிற்கிற இவர்கள் யார் என்பதுபோலப் பார்த்தது. ஒன்பது வருஷ அயர்லாந்தில் எந்த நேரத்தை நினைத்து இன்றைக்கும் ஏங்குகிறாய் என்று கேட்டால் அஞ்சலினா இதைத்தான் சொல்வாள். துக்கமான நேரம்தான். ஆனால் அவ்வளவு ஆறுதலாக அவள் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

அவளுடைய மகள் அமலினி. 2006 ஆவணியில் சம்பூரை விட்டு ஊரோடு வெளிக்கிட்டபோது பிள்ளை பிறந்து ஆறு நாள். நாலு வயசு மகன் றிக்சன் ஹெக்டரின் தோளில், இவள் கையில் பச்சைக் குழந்தை. ஷெல் விழ விழ நடை. ஒன்பதாம் நாள் வெருகலுக்கு இந்தப் பக்கத்தில் பிள்ளை கண்ணை மேலே செருகியது. ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. சாவு கிட்ட வந்துவிட்டால் யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லலாம். ஞானோபதேச வகுப்பில் படித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கையில் அரைப் போத்தல் தண்ணீரும் இருந்தது. ஊற்றவில்லை. ஊற்றினால் பிள்ளை சாகப்போகிறது என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள். அவள் ஒத்துக்கொள்ளாமலே பிள்ளை போய்விட்டது.

ஹெக்டர் சட்டி மூடி ஒன்றால் பாலை மரத்தடியில் தோண்டினான். மேலே ஒரு கல் வைத்தான். நடந்தார்கள். சண்டை முடிந்த பிறகு தேடிப் போனபோது றோட்டை அகலமாக்கித் தார்க் கார்ப்பெட் போட்டிருந்தார்கள். பாலை மரமும் இல்லை, கல்லும் இல்லை. அன்றைக்கு ஹெக்டர் சைக்கிளைத் திருப்பினான். அதன் பிறகு மகளின் பெயரை அவன் வாயால் சொன்னதே இல்லை. பிள்ளையின் கையிலிருந்து கழற்றிய கறுப்பு வளையல் மட்டும் அஞ்சலினாவிடம் இருந்தது. துணியில் சுற்றிப் பேர்சில் வைத்து அயர்லாந்துக்கும் கொண்டுபோனாள்.

அதை நோராவுக்குக் காட்டினாள். நோரா உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். சின்ன வளையல், அவளுடைய பெருவிரலில்தான் போகும்.

"இதை ஏன் பேர்சுக்குள்ளை சில்லறையோடை வைச்சிருக்கிறாய்? தோமஸுக்குப் பக்கத்திலை வை. அவன் அறுபது வருஷமாத் தனியக் கிடக்கிறான்," என்றாள்.

வைத்தார்கள். அதன் பிறகு வெள்ளைக் கல்லில் இரண்டு வட்டம்.

ஒருநாள் டெக்லன் அந்த வட்டங்களைக் கண்டுவிட்டார். வெளிநாட்டுக்காரி தன் ஊர்ச் சாமியைக் கொண்டுவந்து தாயின் வயலில் வைத்துப் பூசை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கழுத்தில் சிலுவை தொங்க நின்றவளைப் பார்த்து அந்த மனுஷன் நினைத்ததைப் பாருங்கள்! "உங்கட கும்பிடு எல்லாம் உங்கட அறைக்குள்ளை," என்று சத்தம் போட்டு, கற்களை அள்ளிப் பள்ளத்துக்குள் எறிந்தார். நோரா யன்னலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அஞ்சலினா, "மன்னியுங்கோ, எங்கட வழக்கம்," என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அன்று மாலை நோரா அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, செபமாலையைத் தொடவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லாதை. மூத்தவன் மூத்தவன் எண்டு தகப்பன் அவனைத் தலையிலை வைச்சு வளர்த்தவர். அது அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு வயசு போகப் போக, பெயரும் இடமும் தனக்கே மறந்துபோய்விடுமோ என்று கிழவிக்குப் பயம் வந்தது. எழுதி வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். "உன்ர எழுத்திலை எழுது பிள்ளை. இந்த ஊரிலை ஒரு குருவிக்கும் விளங்காது."

அந்தத் தாள்தான் இப்போது சட்டம் போடக் காத்திருந்தது.

அஞ்சலினா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். ஹெக்டர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அவன் எதற்கும் ஒன்றும் சொல்லாத மனுஷன். முந்தி அப்படி இல்லை. சம்பூரில் இருந்த காலத்தில் அவனுடைய வாயை மூட ஊரே மன்றாடும்.

அடுத்த நாள் விடிந்து பத்து மணிவரைக்கும் அவள் மனசுக்குள் வழக்குப் பேசினாள். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு. செபமாலையைத் தொட்டுக் கொடுத்த வாக்கு. அதை உடைத்தால் நோரா மறுவுலகத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடைக்காவிட்டால் நாளைக்குப் பெக்கோ வாளி வெண்ணெய்ப் பெட்டியையும் வளையலையும் சேறோடு சேறாக அள்ளிக் கரையில் கொட்டும். தோமஸுக்காக மட்டும் என்றால் வாயைத் திறந்திருப்பாளா? அவளுக்கே நிச்சயமில்லை. அவள் பயந்தது தன் பிள்ளைக்காக. ஒரு தடவை றோட்டுக்குக் கீழே போனவள், இரண்டாம் தடவை குழாய்க்குக் கீழே போகப்போகிறாள்.

முதலில் ஹெக்டரிடம் சொல்லவேண்டும். அவன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்கோ, ஒரு கதை சொல்லவேணும்."

"சொல்லு."

சொன்னாள். கல், நோரா, வெள்ளை வட்டம், எல்லாவற்றையும். வளையலைப் பற்றிச் சொல்லும்போது துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அது துலைஞ்சு போச்செண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றான்.

"இல்லை. நான்தான் வைச்சிருந்தனான்."

"எனக்கு ஒரு நாளும் காட்டேல்லை."

"நீங்கள் ஒரு நாளும் கேட்கேல்லை."

"ஆரின்ரையோ நாட்டிலை, ஆரின்ரையோ காணியிலை கொண்டுபோய்த் தாட்டிட்டு வந்திருக்கிறாய்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கெண்டு அவளின்ர ஒரு சாமானும் இல்லை. அது உனக்குத் தெரியும்."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரியாகத்தானே சொன்னான். எத்தனையோ நாள் அவள் அந்த வட்டத்துக்குக் கல் வைத்தாள். இந்த மனுஷனுக்கு வைக்க ஒரு இடமும் இருக்கவில்லை. அவள் ஒரு நாளாவது இவனை நினைத்தாளா?

மத்தியானம் வந்தது. ஹெக்டர் சாப்பிட வரவில்லை. உட்துறைமுகப் பக்கம், முந்தி மூதூர் லோஞ்ச் வந்து நிற்கிற இறங்குதுறையடியில் ஆட்டோவை விட்டுவிட்டு மழைக்குள் நிற்கிறார் என்று ஞானமலரின் புருஷன் வந்து சொன்னார். அங்கே நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் சம்பூர்க் கரை தெரியும். மழையில் அதுவும் தெரியாது.

மூன்று மணிக்கு, அயர்லாந்தில் காலை ஒன்பதரைக்கு, அஞ்சலினா இனிப் பொறுக்க ஏலாது என்று போனை எடுத்தாள். குசினிக் கதிரையில் இருந்துகொண்டு டெக்லனை வீடியோவில் கூப்பிட்டாள். மாட்டுத் தொழுவத்தில் நின்றார். தலையில் அதே பழைய தொப்பி.

"டெக்லன், நேற்று நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அது செபம் இல்லை."

சொல்லத் தொடங்கியபின் அவளால் நிறுத்த முடியவில்லை. வெண்ணெய்ப் பெட்டி, மாசி ஒன்பது, மேற்கே மூன்று கவடு. திரையில் அவருடைய முகம் அப்படியே நின்றது, படம் உறைந்துவிட்டதோ என்று அவள் சந்தேகப்பட்டாள். பின்னால் மாடு ஒன்று தலையை ஆட்டியது. படம் உறையவில்லை.

"உங்கட அம்மா சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ," என்றாள். "நான் உடைச்சுப் போட்டன்."

"அப்ப நான் மூத்தவன் இல்லை," என்றார் அவர். எழுபத்தோரு வயசு ஆள், சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"இல்லை."

"அந்தக் கல்லுகள்... நான் எறிஞ்சது..."

"ஓம்."

"நீங்கள் ஏன் அண்டைக்கு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே நடக்கத் தொடங்கினார். படம் ஆடியது. வானம், சேறு, சப்பாத்து, படலை. அஞ்சலினா ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டாள். படலையின் கொளுவி இன்னும் கயிற்றால்தான் கட்டியிருந்தது. அவள் கட்டிய கயிறு. ஓடைச் சத்தம் கேட்டது. பிறகு கல் தெரிந்தது. அதே சரிவு, அதே மினுக்கம், மேலே தூறல். ஊரைவிட்டு வந்த ஏக்கம் எல்லோருக்கும் உண்டு. தன்னுடையதல்லாத ஊருக்காக இப்படி ஏங்குகிறவள் தான் ஒருத்திதானோ என்று நினைத்தாள்.

டெக்லன் கல்லில் முதுகை வைத்து மேற்கே பார்த்து நின்றார். மூன்று கவடு வைத்தார். பெரிய ஆள், பெரிய கவடு.

"அப்பிடி இல்லை," என்றாள் அஞ்சலினா. "உங்கட கவடு இல்லை. உங்கட அம்மாவின்ர கவடு."

அவர் திரும்பிக் கல்லடிக்குப் போனார். குதியை விரலோடு ஒட்டியதுபோலச் சின்னச் சின்னதாக மூன்று வைத்தார். அவருக்குத் தெரியாமலே வாத்து நடை வந்துவிட்டது. அங்கே புல் மெல்ல மேடு கட்டியிருந்தது. பெக்கோக்காரன் அடித்துவிட்டுப் போன அடையாளத் தடி அந்த மேட்டின் நடுவில் நின்றது. டெக்லன் அதைப் பிடுங்கி வீசினார்.

"தொட்டி வேண்டாம்," என்றார். "மாடு ஓடையிலை குடிக்கட்டும். இத்தனை வருஷமும் குடிச்சதுகள்தானே."

போனைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினார். நெடுநேரம் ஆளைக் காணவில்லை. புல்லும் மழையும் மட்டும் தெரிந்தன. அஞ்சலினா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தபோது தொப்பி நிறைய வெள்ளைக் கல், சேறும் வேருமாக. முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்து, "தோமஸ்," என்று சொல்லிச் சொல்லி வட்டமாக வைத்தார். ஒரு வட்டம் முடிந்தது. தொப்பியில் இன்னும் கல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"அதிலை ரெண்டு வரி இருக்கு. மற்றது ஆர்?"

"என்ர மகள்," என்றாள். "அவளின்ர வளையல் உங்கட அண்ணருக்குப் பக்கத்திலை இருக்கு. உங்களைக் கேளாமல் வைச்சனாங்கள்."

டெக்லன் தலையாட்டினார். பிறகு ஒரு கல்லை எடுத்துக் கையில் பிடித்தார்.

"பேரைச் சொல்லுங்கோ. பேர் சொல்லித்தானே வைக்கவேணும்."

அஞ்சலினா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை நேரமும் கதைத்தவளுக்கு அந்த நாலு எழுத்து ஏலாமல் போய்விட்டது. அங்கே அந்த மனுஷன் சேற்றில் முழங்காலில், கல்லைக் கையில் ஏந்தியபடி காத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ வந்து நின்ற சத்தத்தை அவள் கேட்டிருக்கவில்லை. குசினி வாசலில் ஹெக்டர் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றான், எந்த இடத்திலிருந்து கேட்டான் என்று தெரியவில்லை. கிட்ட வந்தான். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தச் சின்னத் திரைக்குள்ளே தெரிந்த கல்லையும் புல்லையும் பார்த்தான். ஹெக்டருக்கு இங்கிலீசு தெரியாது. தெரிந்திருக்கத் தேவையும் இருக்கவில்லை.

"அமலினி," என்றான்.

வருஷக்கணக்காக அந்த வீட்டுக்குள் ஒலிக்காத பெயர். டெக்லன் அதைத் தன் வாய்க்கு வந்தபடி மெல்லச் சொல்லிக் கல்லைப் புல்லில் வைத்தார். அடுத்த கல்லை எடுத்துக்கொண்டு திரும்ப நிமிர்ந்து பார்த்தார்.

ஹெக்டர் அவருக்காக இன்னொரு தடவை சொன்னான்.